சிரிப்பு அடங்கும் வரை

கதவருகே வென்டெல் தனியாக நின்றார்.

நாடின் அடுப்படியில் நின்றாள். நடுவில் ஒரு சோபாவும் சாப்பாட்டு மேசையும் கிடந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து அவள் கை அவருக்கு எப்படி எட்டும்?

காலையிலேயே கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "நான் கதவுகிட்ட போய் அவர் கையப் பிடிச்சுக்கிறேனே?"

"வேணாம் மேடம். அந்தத் தூரம்தான் அழகே," என்றுவிட்டான் புது டைரக்டர் டேரன். பொடிப்பயல். அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய தொடர் இது. புருஷன் பெண்டாட்டியாக இவர்கள் இருவரும் நடித்தே கிழடு தட்டிப்போனார்கள். இன்று கடைசி எபிசோட்.

வென்டெலுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. லாஸ் ஏஞ்சல்ஸில் அது தெரிந்த ஒரே ஆள் நாடின்தான்.

கூட நடிப்பவர்களின் உதட்டைப் பார்த்தே வசனத்தைப் பிடித்துவிடுவார். ஆனால் சிரிப்புக்கு உதடு ஏது? விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால், இருட்டில், இரும்புப் படிகளில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சிரிப்பு ஏறி, இறங்கி, அடங்கப்போகிற நொடியில் அடுத்த வசனம் விழ வேண்டும். முந்தினால் சத்தத்தில் மூழ்கிவிடும். பிந்தினால் ஆறிப்போய்விடும். இந்தத் தொழிலே அதுதான்.

தொடரில் பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், மேக்கப் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார் வென்டெல்.

"கை குடு தாயே. எனக்கு ஒண்ணும் கேக்கல."

அன்றிலிருந்து எல்லாக் காட்சியிலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். சிரிப்பு அடங்கும்போது கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவர் பேசுவார்.

ஊர் உலகமெல்லாம் அதைக் காதல் என்றது. கைக்குப் பூசும் க்ரீம் விளம்பரத்துக்குக்கூடக் கூப்பிட்டார்கள். இரண்டு கல்யாணம் செய்து இரண்டையும் முறித்துக்கொண்ட நாடினுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காதலாவது கத்திரிக்காயாவது. அது வேலை.

மேலே கண்ணாடி அறையில், அடுத்த தொடருக்கு ஆள் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வென்டெலுக்குத் தாத்தா வேடம் பாதி முடிவாகியிருந்தது. இன்று ஓரிடத்தில் சறுக்கினால் போதும், 'கிழவனுக்குக் காது போச்சு' என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதன்பிறகு எவன் கூப்பிடுவான்? வேலை இல்லாமல் சும்மா உட்காரத் தெரியாத மனிதர். வீட்டில் உட்காரவைத்தால் செத்தே போவார்.

விளக்கு மாறியது. காட்சி தொடங்கியது.

ஆயுசு முழுக்க நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்பிய பஸ் டிரைவர், வேலையின் கடைசி நாளில், வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே வருகிறார். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற அதே நடை. அமெரிக்காவில் அதை நடந்து காட்டாத குழந்தை கிடையாது.

தொடரில் அவர் பெண்டாட்டி மேபலான நாடின் திரும்பினாள். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

கொல்லென்று சிரித்தது கூட்டம். இரும்புப் படிகள் கிடுகிடுத்தன.

வென்டெல் அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தொப்பியைக் கழற்றினார். 'யோவ், என்னைப் பாருய்யா!' அவள் கட்டைவிரல் கரண்டிக் காம்பை அழுத்தியது.

சிரிப்பு ஓய்ந்ததுபோல் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கே பேசியிருப்பார்கள். நாடினே பேசியிருப்பாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தபோது மேல்வரிசையில் யாரோ மறுபடி தொடங்கினார்கள். முன்னைவிடப் பெரிதாக எழுந்து கீழ்வரிசை வரை வந்தது சிரிப்பு. அவர் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். அது தேய்ந்தது. கடைசி ஆளும் மூச்சு வாங்கினான்.

"இன்னைக்கு பஸ்ல யாரும் ஏறல, மேபல்."

இருட்டில் ஒரு பெண் விசும்பினாள். டேரன் கட் சொல்லவே மறந்துவிட்டான்.

அடேயப்பா, மனுஷனா இந்த ஆள்! நாடினே ஒரு நாளும் இவ்வளவு கச்சிதமாக அழுத்தியதில்லை.

கூட்டத்துக்குக் கடைசி வணக்கம் சொல்லக் கூப்பிடும் முன், செட்டுக்குப் பின்னால் ஓடினாள். வென்டெல் ஒரு பெட்டிமேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஷூ போட்ட காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளங்காலில் ஏறிய மரச்சிலாம்பை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள் துணிமணி பார்க்கும் சொக்கோரோ.

"ஷூ போட்ட காலுக்குள்ள எப்படிடி சிலாம்பு ஏறும்?"

"இந்த ஷூவுக்கு அடியே கிடையாது மேடம், மேல்தோல் மட்டும்தான். உள்ளங்கால் எரியுது, தரையில பட்டாத்தான் ஆகும்னு வெட்டி எடுக்கச் சொன்னாரு. அதுலயிருந்து எந்த ஜோடி வந்தாலும் நான் வெட்டித்தான் குடுக்கறேன்."

"எப்போலருந்து?"

"பேரன் பொறந்த எபிசோட் எடுத்தோமே, அப்போலருந்து."

நாடின் அந்தக் காலைப் பார்த்தாள். காய்த்துப்போன, அழுக்கேறிய வெறும் பாதம். கூட்டம் உட்கார்ந்திருந்த இரும்புப் படிகளின் அதிர்வு மரத்தரையில் இறங்கி வந்துகொண்டே இருந்தது. அவள் செருப்புக்குள்ளும் அது லேசாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கவனித்ததே இல்லை.

பேரன் பிறந்தபோதே இந்தக் கால் இருந்திருக்கிறது. அவர் கை கேட்டு வந்தது, அவன் பள்ளிக்கூடம் போன பிறகு.

வென்டெல் கண்ணைத் திறந்தார். எழுந்து, காலைத் தேய்த்துக்கொண்டு அவளிடம் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கூட்டம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

"கை குடு தாயே. எனக்கு ஒண்ணும் கேக்கல."

நாடின் கையைக் கொடுத்தாள்.