திருப்திதான் முக்கியம்

பெரிய மாத்திரையை எழுதித் தராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று டிராயிங் மாஸ்டர் போட்ட சத்தத்தில், டாக்டரின் பேனா மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. மாஸ்டரே குனிந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சத்தத்தைத் தொடர்ந்தார்.

"இடுப்பு விட்டுப்போச்சு டாக்டர். சாதா மாத்திரையெல்லாம் எனக்குப் பத்தாது."

இதைச் சொன்னபோது அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. பாதி திறந்திருந்த கதவைப் பார்த்துச் சொன்னார். வெளியே பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பதினாறு வருஷமாக அதே அறையில் முதுகுவலி பார்க்கிறவர். அபின் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரை முதலில் வலியை அமுக்கும், பழகிவிட்டால் ஆளையே அமுக்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். பெரிய ஆபரேஷன் ஆனவர்களையும் புற்றுநோய்க்காரர்களையும் தவிர வேறு யாருக்கும் எழுதியதில்லை.

கேட்டுக் கிடைக்காதவர்கள் எல்லாரும் போகிற வழியில் பழி தீர்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளின் திருப்தியை அளக்க ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். அதில் ஐந்து பொத்தான், ஐந்து மூஞ்சி. முதல் மூஞ்சி பல்லைக் காட்டிச் சிரிக்கும். கடைசி மூஞ்சி ஓவென்று அழும். டாக்டரின் நோயாளிகளுக்குக் கடைசிப் பொத்தான் மட்டுந்தான் கண்ணில் பட்டது.

அன்று காலைதான் மேனேஜர் அம்மாள் அவரைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். இந்த மாதம் அறுபத்தெட்டு அழுமூஞ்சி. சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு சிரிப்பாவது விழாவிட்டால் பிணவறைக்கு மாற்றல். அங்கே இருப்பவர்கள் பொத்தானை அழுத்தமாட்டார்கள், உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி என்று அன்பாகவே சொன்னார்.

அதுவரை வந்தவர்கள் எந்தப் பொத்தானையும் தொடாமல் போயிருந்தார்கள்; மாஸ்டர்தான் அன்றைக்குக் கடைசி ஆள்.

டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவிப் பார்த்தார். விரல் படுவதற்கு ஒரு நொடி முன்பாகவே மாஸ்டருக்கு வலித்தது. எக்ஸ்ரேயில் எலும்புகள் வரிசை கலையாமல் நின்றன. பழக்கதோஷம், டாக்டரின் வாயில் உண்மை வந்துவிட்டது.

"எலும்பெல்லாம் நல்லா இருக்குங்க. நாலு நாள் சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க, கொஞ்சம் நடங்க. அந்த மாத்திரை மட்டும் வேண்டாம்."

மாத்திரை இல்லாமல் நகரப் போவதில்லை என்றவர் சட்டென்று படுக்கையை விட்டு எழுந்துவிட்டார். "சரி டாக்டர். நீங்களே முடியாதுன்னுட்டீங்க. நான் வலியைத் தாங்கிக்கறேன்."

அந்த அமைதி டாக்டருக்குச் சரியாகப் படவில்லை. கத்துகிறவன் பொத்தானோடு விட்டுவிடுவான். இப்படிச் சிரித்த முகமாகப் போகிறவன் மேலிடத்துக்குக் கடுதாசியே எழுதுவான். பிணவறையின் குளிர் அவர் கண் முன்னால் வந்து நின்றது. ஏசி போட்டாலே அடுக்குத் தும்மல் போடுகிற உடம்பு அவருக்கு.

"இருங்க, இருங்க. எழுதித் தர்றேன்."

கதவருகே போய்விட்ட மாஸ்டர் திரும்பினார். "வேணாம் டாக்டர். எனக்காக உங்க கொள்கையை விடாதீங்க."

குத்திக் காட்டுகிறான் மனுஷன் என்று டாக்டரின் காது சிவந்தது. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக வெறும் முதுகுவலிக்கு அதை, மூன்றே மூன்று மாத்திரை, எழுதினார். ராத்திரி ஒன்று, விழுங்கினால் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிச் சீட்டை நீட்டினார். மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டாக்டரே மேஜையைச் சுற்றி வந்து, அவர் சட்டைப் பையில் சீட்டைச் செருகினார்.

பேச்சு கேட்டு மனைவி உள்ளே வந்தார். சீட்டை உருவிப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"குடுத்துட்டீங்களா? நல்லா இருப்பீங்க டாக்டர். நாளைக்கு வீடு மாத்தறோம். மூணு மாடி, லிஃப்ட் கிடையாது. மாத்திரை கிடைச்சா சாமானை நானே தூக்கறேன், கிடைக்கலைன்னா ஆள் வெச்சுக்கலாம்னு இவர்தான் நேத்து சொன்னாரு. வண்டிதானே ஓட்டக்கூடாது? பீரோ தூக்கலாமில்ல?"

இந்த மாத்திரையை விழுங்கிவிட்டு எதையுமே தூக்கக்கூடாது என்று டாக்டர் பதறினார்.

"அதுக்கென்ன, தூக்கி முடிச்சுட்டு ராத்திரி போட்டுக்கட்டும்" என்று அந்த அம்மாள் மருந்துக் கவுண்டரைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

 மாஸ்டர் தொங்கிய தலையோடு வாசலுக்குப் போனார். இதோ சிரிப்பு விழப்போகிறது என்று டாக்டரும் பின்னாலேயே போனார். மாஸ்டர் கடைசிப் பொத்தானை அழுத்தினார். மனசு ஆறாமல் இன்னொரு தரமும் அழுத்தினார்.

அறுபத்தொன்பது, எழுபது. டாக்டர் அவர் முன்னால் போய் நின்றார். கேட்டதைத்தானே கொடுத்தேன், பிறகு ஏன் இப்படி என்று கேட்டார்.

மனைவி காதில் விழாத தூரத்தில் இருக்கிறாரா என்று மாஸ்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எவன் கேட்டாலும் தராத டாக்டர் யாருன்னு விசாரிச்சுட்டுத்தானே சார் உங்ககிட்ட வந்தேன்?"