மீட்டர் பார்க்க வந்தவர்கள்

ஜீப் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. காக்கிச் சட்டை போட்ட நாலு பேர் குதித்தார்கள். கடைசியாக, நிதானமாக, அதிகாரி இறங்கினார். கையில் ஒரு கடிதம்.

"மின்திருட்டுத் தடுப்புப் பிரிவு. யாரும் எதையும் தொடக் கூடாது."

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி, மிதியிலிருந்து காலை எடுக்க மறந்துபோனாள். காலரோடு நிற்க வேண்டிய தையல் தோள்பட்டை வரை ஓடிவிட்டது.

கணவர் லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். முதுகு பிடித்துக்கொண்டதென்று இன்று வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் காலையிலேயே சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து கைகட்டி நின்றார்.

"ஐயா, மூட்டை தூக்கிப் பொழைக்கிறவன். திருடத் தெரிஞ்சா எதுக்கு மூட்டை தூக்கப் போறேன்?"

"அதைக் கம்பம் சொல்லும்" என்ற அதிகாரி, கடிதத்தை உரக்கப் படித்தார். "இந்த வீட்டுக்காரர் கொக்கி போட்டு மின்சாரம் திருடுகிறார். ரொம்ப நாளாகத் திருட்டு நடக்கிறது. உடனே வந்து மீட்டரைப் பார்க்கவும். இப்படிக்கு, உண்மை விளம்பி."

"மொட்டைக் கடுதாசியா!" மனைவி எதிரே பார்த்தாள். பஞ்சர் கடைக்காரர் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கியபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் காது கிழிகிறதென்று போன மாதம்தான் அவரோடு சண்டை போட்டிருந்தாள்.

"இவன்தான் சார்! வேற எவன்? மூஞ்சியப் பாருங்க, சிரிப்பை அடக்கிட்டு நிக்கிறான்!"

"எனக்குக் காத்தடிக்கவே நேரமில்லக்கா, கடுதாசி வேற எழுதுறேனாக்கும்!"

அவள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த கரண்ட் பில்லில் பதினைந்தாயிரம் யூனிட் என்று போட்டிருந்தது. வீட்டில் இருப்பது மூன்று பல்பு, ஒரு ஃபேன், தையல் மிஷினுக்கு ஒரு மோட்டார்.

மின் அலுவலகத்துக்குக் கணவர் ஏழு நடை நடந்தார். முதல் நடையில் மனுவைப் பார்த்த எழுத்தர் சிரித்தார். "கணக்கைத் 'திறுத்தி'த் தரணுமா? முதல்ல இதைத் திருத்திக்கிட்டு வாங்க." நாற்பது வயதுக்கு மேல் மனைவியிடம் எழுத்துப் படித்தவர். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்.

அடுத்த நடையில், ஆள் நேரில் வந்து மீட்டரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கடுத்து ஆள் இல்லை. பிறகு ஆள் இருந்தார், வண்டி இல்லை. வண்டி வந்தபோது டிரைவர் லீவு. ஏழாவது நடையில், கட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை பியூஸைப் பிடுங்கிவிடுவோம் என்றார்கள்.

"பிடுங்க ஆள் இருக்காங்களா சார்?"

"அதுக்கு இருக்காங்க."

இன்று வியாழன். அறுபது பள்ளிச் சீருடைகள் வெட்டியும் பாதி தைத்தும் கிடந்தன. திங்களன்று கொடுக்காவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம் இனி இந்தப் பக்கம் திரும்பாது. மிஷின் நின்றால் அடுப்பும் நின்ற மாதிரிதான்.

இந்த நேரத்தில்தான் திருட்டுப் பட்டம்.

ஒருவர் கம்பத்தில் ஏறினார். ஒருவர் கூரையைத் துழாவினார். இன்னொருவர் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார்.

"அங்க என்ன சார் தேடுறீங்க?"

"பதினஞ்சாயிரம் யூனிட்டும்மா. மாவு மில்லாவது ஓடணும்."

"கட்டிலுக்குக் கீழயா?"

கொக்கி இல்லை. சீல் உடையவில்லை. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டரில் மூக்கை ஒட்டினார். பில்லைப் பார்த்தார். மறுபடியும் மீட்டர்.

"எந்த மடையன்யா ரீடிங் எடுத்தது? கடைசில இருக்கிற சிவப்புக் கட்டம் புள்ளிக்கு அப்புறம் வர்றது. அதையும் சேர்த்து எழுதி வச்சிருக்கான். ஆயிரத்து எழுநூறு, பதினேழாயிரம் ஆயிடுச்சு! ஓடினது நூத்திநாலு யூனிட்தான்!"

சோதனைக்கு வந்த வீட்டில் அறிக்கை எழுதாமல் கிளம்பக் கூடாது என்பது அவர்கள் விதி. அங்கேயே எழுதினார். கையெழுத்துப் போட்டார். நகலைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, போனில் அலுவலகத்தைப் பிடித்து ஒரு காய்ச்சு காய்ச்சினார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பில் மாறணும். நாளைக்கு இந்த வீட்டு பியூஸ் மேல எவன் கையும் படக் கூடாது."

மனைவிக்குப் போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

அதிகாரிக்கும் கோபம்தான். "பொய்ப் புகார். என் அரை நாள் போச்சு. எழுதினவன் சிக்கட்டும், உள்ள தள்ளிடுறேன்."

"அந்தக் கடுதாசிய என்கிட்ட குடுங்க சார். கடை போர்டு அவன் கையால எழுதினதுதான். வச்சுப் பார்த்தா எழுத்தே காட்டிக் குடுத்துடும்."

"போகட்டும் விடும்மா" என்றார் கணவர். வெளுத்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீங்க சும்மா இருங்க! நீங்க இளிச்சவாயா இருக்கப் போய்த்தான் ஊர்ல உள்ளவன் எல்லாம் நம்ம தலையில மிளகாய் அரைக்கிறான்."

கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். பஞ்சர் கடைக்காரர் வாளியோடு இரண்டடி பின்னால் போனார். நடந்தபடியே கடிதத்தைப் பிரித்தவள், ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றுவிட்டாள்.

"என்னம்மா, அவன்தானா?" ஜீப்பில் ஏறியபடி கேட்டார் அதிகாரி.

"இல்ல சார். இது யாரோ... எழுதப் படிக்கத் தெரியாத ஆளு."

ஜீப் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள். கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். உள்ளே வந்து, மிஷினில் உட்கார்ந்து, கோணலாக ஓடிய தையலைப் பிரித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்:

"திருட்டுக்குச் சின்ன 'ரு' போடணும்னு எத்தனை வாட்டிங்க சொல்லிக் குடுக்கிறது?"