கடைசி இலக்கம்

சொந்தக்காரர் ரத்தம் கொடுத்தால்தான் ஆபரேஷன். குமாசி நகர ஆஸ்பத்திரி வழக்கம் அது. லாரி மோதியதில் கணக்கு வாத்தியார் ஒஃபோரியின் போனும் நொறுங்கியிருந்தது.

"உங்க மனைவி நம்பர் சொல்லுங்க சார்!" நர்ஸ் அப்ராஃபி பதறினாள்.

ஒன்பது இலக்கம் சொன்னார். பத்தாவது மறந்துவிட்டது.

"அது பகா எண் சிஸ்டர். எதாலயும் வகுபடாது. கடைசியில ஒண்ணு, இல்ல ஏழு. மத்தது எது வந்தாலும் ரெண்டு, மூணு, அஞ்சுல வகுபட்டுடும்."

இரண்டையும் போட்டாள். எடுத்தது வேறு யாரோ.

"மத்ததையும் போட்டுப் பார்க்கட்டுமா?"

"வீண் வேலை!" அவருக்குக் கண் செருகியது.

அப்ராஃபி கேட்காமல் ஒன்பதைப் போட்டாள். அவர் மனைவி செர்வா எடுத்தாள். அப்ராஃபி விஷயத்தைச் சொல்லி, "ஒன்பது சார்" என்று போனை அவர் காதில் வைத்தாள்.

"ஒன்பதா? மூணுல வகுபடுதே செர்வா!"

"தெரியும்" என்று அழுதாள் அவள். "பகா எண் வச்சிருக்கவளைத்தான் கட்டுவேன்னு நின்னீங்க. அதான் பொய் சொன்னேன். ஊரு நம்பரையெல்லாம் வகுத்துப் பார்க்கிற மனுஷன், என்னுதை மட்டும் பார்க்காமலே நம்பிட்டீங்களே! கண்ணை மூடிடாதீங்க, வந்துக்கிட்டே இருக்கேன்."