சும்மா கிடைத்த ராணி

காட்டில் இளையோர் மின்னல் சதுரங்கப் போட்டி நடந்தது. ஆளுக்கு மூன்றே நிமிடம். கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் அணில்குட்டிக்கு எதிரே நரிக்குட்டி உட்கார்ந்திருந்தது.

ஆட்டம் சூடுபிடித்த வேளையில் நரிக்குட்டி தன் ராணியை, அணிலின் குதிரை வெட்டக்கூடிய கட்டத்திலேயே கொண்டுவந்து வைத்தது. அணிலின் கை துள்ளி எழுந்து, பாதியில் நின்றது.

'நரியாவது, ராணியைச் சும்மா கொடுக்கிறதாவது! இதில் ஏதோ சூது இருக்கு.'

பலகையின் மூலை முடுக்கெல்லாம் பொறியைத் தேடியது அணில். எதுவும் தென்படவில்லை. நிமிர்ந்து பார்த்தால், நரிக்குட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தது.

'சிரிப்பை அடக்குறான்!' அணிலுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குதிரையைத் தொடவே பயந்து உட்கார்ந்திருந்தபோது கடிகாரம் அலறியது. நேரம் தீர்ந்து அணில் தோற்றுப்போனது.

நரிக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கொடுத்தது.

"ஏன்டா ராணியை வெட்டலை? கை நடுங்கி, தப்பான கட்டத்துல வச்சுட்டேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு."



எல்லாரும் கலைந்து போனார்கள். அணில்குட்டி பலகையை விட்டு எழவில்லை.

"இப்பவும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறானே" என்று முணுமுணுத்தபடி, ஒவ்வொரு கட்டமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.