கடைசியில் சொல்கிற அயிட்டம்

மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை இறக்கி, துடைத்து, என்னை உட்காரச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

மாடியில் அறை கூட்டுகிறவள் கீழே சாப்பாட்டு ஹாலில் உட்காரக் கூடாது என்பது முதலாளி இருந்தவரை சட்டம். இப்போது முதலாளியும் இல்லை, சட்டமும் இல்லை. மனுஷர் லாட்ஜை விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கியவர் இடித்துவிட்டு கார் ஷோரூம் கட்டப் போகிறாராம்.

மகாராணி மாதிரி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் பழையபடி சர்வராக, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன வேணும்மா, சொல்லுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அவர் போட்ட முதல் 'ங்க'. சிரிப்பு வந்துவிட்டது. என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

மூச்சு விடாமல் ஒப்பித்தார். மலைமேல ஒண்ணு இருக்கு, கடலோரம் ஒண்ணு இருக்கு, பெரிய ஊர்ல ஒண்ணு இருக்கு, ஹைவேல ஒண்ணு இருக்கு. டிபன் அயிட்டம் சொல்கிற அதே ராகம்.

எல்லாம் அவர் வேலை கேட்டு அலைந்துவிட்டு வந்த இடங்கள். பின்கட்டில் எங்களுக்குக் கொடுத்திருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு டேபிள் வேலை, எனக்கு அறை வேலை, எங்கள் குட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம், காலை நீட்டிப் படுக்க ஓர் இடம். எங்கே போனாலும் மூன்று பேரும் ஒன்றாகப் போக வேண்டும். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் சர்வர் பெண்டாட்டிக்குத் தொழில் ரகசியம் தெரிந்துவிடுகிறது, அதுதான் தொல்லை. தீர்ந்துபோன அயிட்டங்களையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அப்போதுதான் வந்தவருக்குப் பெரிய ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிற நினைப்பு வரும். உள்ளே நிஜமாக இருப்பதைக் கடைசியில் சொல்வார்கள். காதில் அதுதான் நிற்கும். முக்கால்வாசிப் பேர் அதையேதான் கேட்பார்கள், ஏதோ தாங்களே யோசித்து முடிவு பண்ணின மாதிரி.

ஹைவேயை அவர் கடைசியில் சொன்னபோதே, உள்ளே இருப்பது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் விளையாட்டைக் கெடுக்க மனசில்லை. மலை என்றேன்.

அடுப்பைக்கூட விற்றுவிட்ட சமையல்கட்டுக்குப் போய், தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தீர்ந்துவிட்டதாம். அங்கே மீசை சரியாக முளைக்காத பையன்கள்தான் வேண்டுமாம். இவரை நாலு அடி நடக்கவிட்டே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

கடல் என்றேன். அதுவும் தீர்ந்துவிட்டது. சீசனுக்குக் கூப்பிடுவார்கள், மழை ஆரம்பித்ததும் மூட்டையைக் கட்டச் சொல்வார்கள். குட்டியை நடுவில் பிடுங்கிப் பிடுங்கிப் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது.

பெரிய ஊரை நானே தள்ளிவிட்டேன். வேலை என்னவோ நாளைக்கே கிடைக்கும். ரெண்டு பேர் சம்பளமும் வாடகைக்குச் சரியாகப் போய்விடும், அப்புறம் சாப்பாட்டுக்குப் பச்சைத் தண்ணிதான்.

வேறென்ன, ஹைவேதான். ஏதோ ரெண்டு ஊருக்கு நடுவழியில் புதுசாக எழும்பியிருக்கிற ஹோட்டல். ராத்திரி பகலாக லாரி ஓடும், சுற்றிலும் ஒரு வீடு கிடையாது என்று அவரே சொல்லியிருந்தார். போகட்டும். மூன்று பேர் இருந்தால் வீடு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, ஹைவே குடுங்க," என்றேன்.

அவர் சமையல்கட்டுக்குப் போகவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேஜையை மறுபடியும் துடைத்தார்.

எத்தனை என்று குனிந்தபடியே கேட்டார்.

இதெல்லாம் ஒரு கேள்வியா? மூணு என்றேன்.

"ஒண்ணுதான் இருக்கு," என்றார். "உன்னை மட்டும்தான் கேக்கறாங்க."

அறை வேலைக்குப் பெண்கள் மட்டுமாம். அங்கேயே ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கிக்கொள்ள வேண்டும். புருஷன் கூடாது, குழந்தை கூடாது. அவரும் குட்டியும் அவருடைய அக்கா வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் இருந்துகொள்வார்களாம். அக்காவிடம் பேசியும் முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி முடிவு பண்ணலாம் என்று கத்தியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. பாவம், உள்ளே இருந்தால் கொண்டுவந்து வைக்க மாட்டாரா?

போகமாட்டேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு எங்கே போவது?

குட்டிக்கு யார் சடை பின்னுவார்கள், அதையாவது யோசித்தீர்களா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன மாசத்திலிருந்து காலையில் அவளுக்குச் சடை பின்னிவிடுவது அவர்தான். ஆரம்பத்தில் கோணல்மாணலாக இருந்தது. அவளும் நானும் சேர்ந்து கேலி பண்ணினோம். இப்போது நேராகவே வருகிறது.

வேலை போன மனுஷர், பொழுது போகாமல் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.