மான் உரித்த பட்டை

மான் உரித்துப் போட்டிருக்கும் மாங்கன்றில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்புகிறேன். பட்டை சுற்றிலும் போயிருந்தால் கன்று செத்திருக்கும். விரலகலம் ஒட்டியிருக்கிறது, அதை நம்பித்தான் இந்தப் பாடு. பச்சமுத்து சித்தப்பா சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் கயிறு போடுகிறேன். "வேலி வலைய எவனோ அவுத்துக்கினு பூட்டான், மானு பூந்துடுச்சி. காலேஜி படிச்ச பொண்ணு, நீயே சொல்லு மதி, யார இன்னான்னு கேக்கறது?" நிமிர்கிறேன். வரப்புக்கு அந்தப் பக்கம், அவருடைய மரவள்ளியைச் சுற்றி ஒரு பச்சை வலை காற்றில் உப்புகிறது. என் பழைய துப்பட்டாவைக் கிழித்து நான் போட்ட ஆரஞ்சு ஒட்டு அதில் வெயில் பட்டு எரிகிறது. எல்லா வலையும் பச்சைதானே என்று நினைத்துவிட்டார் போல. "அத்தயும் எவனோதான் கட்டினானா சித்தப்பா?" கயிற்றை அவர் விரலோடு சேர்த்து இறுக்குகிறேன்.