திருட்டுக் கட்டுரை

இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. மாடிப்படியில் எதையோ கனமாக இழுத்துக்கொண்டு ஏறுகிற சத்தம். ஒரு படி. நிறுத்தம். இன்னொரு படி.

அவள் குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, போனில் கணவனிடம் கிசுகிசுத்தாள். "ஏங்க, யாரோ வர்றாங்க."

"யாரு?"

"தெரியல. எதையோ இழுத்துக்கிட்டுப் படியேறி வர்றாங்க."

சத்தம் அவள் வீட்டு வாசலைத் தாண்டி மேலே போனது. மேல்வீட்டுக்காரர் யாரையோ திட்டினார். "தூக்குய்யான்னா இழுக்கிறியே! சோபா கால் ஒடிஞ்சா உன் காலையா வெச்சு உட்காருவேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். பால்காரர் மணி அடித்தால்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

எல்லாம் ஒரு கட்டுரையால் வந்த வினை. அவள் கல்லூரியில் இலக்கியம் சொல்லிக்கொடுப்பவள். நாட்டை ஆளுகிற தலைவர் வெளியிட்ட கவிதைத் தொகுப்பைப் பற்றி ஓர் ஆய்விதழில் எழுதினாள். 'இந்தக் கவிதைகளில் ஆறு பேசுகிறது, நிலா பேசுகிறது. அணைக்காக வீடு இடிக்கப்பட்டுத் துரத்தப்பட்டவர்கள் மட்டும் ஒரு வரியிலும் வாய் திறக்கவில்லை. குற்றத்தை மறைக்கிற அழகை அழகு என்று சொல்வதும் குற்றம்தான்.'

ஆய்விதழில் எழுதுவது கிணற்றில் கல்லைப் போடுவது மாதிரி. போட்டவருக்குக்கூடச் சத்தம் கேட்காது. இந்தக் கல் மட்டும் தலைவரின் ஆட்கள் தலையில் போய் விழுந்துவிட்டது. இரண்டு பேர் கல்லூரிக்கு வந்து அவளைப் பற்றி விசாரித்தார்கள். இப்படி விசாரிக்கப்பட்ட வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா பிள்ளையை யாருங்க பார்ப்பா? இன்னும் பால்குடி மறக்கல. நீங்களோ கப்பல்ல."

"வாயில நல்ல வார்த்தை வராதா உனக்கு? அந்தக் கத்தரிக்கோல் ஏதாவது சொல்லிச்சா?"

குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை அது. கத்தரிக்கோல் மேடம் அவள் துறையின் மூத்த விமர்சகர். யார் கட்டுரை அவரிடம் போனாலும் பாதியாகத்தான் திரும்பி வரும். அவர் ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

'அந்தக் கட்டுரையின் வாதம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என்னுடையது. என் மேசைமேல் இருந்த குறிப்புகளைப் பார்த்து எழுதிவிட்டு, இந்தப் பெண் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள்.'

பச்சைப் பொய். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவள் எழுதிய கட்டுரை அது.

"நேத்து நடைவழியில மறிச்சுக் கேட்டேங்க. 'மேடம், உங்களுக்கு மனசாட்சி இருக்கா?'ன்னு."

"அதுக்கு என்ன சொல்லிச்சு?"

"'மனசாட்சி உன் கட்டுரையில தாராளமா இருக்கும்மா, மூளைதான் கம்மி. வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ, பிள்ளை அழும்'னு சொல்லுது. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. இப்ப எனக்குக் காப்பிக்காரின்னு பேரு."

"எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு பார்க்குது அந்தம்மா."

"விடமாட்டேங்க. நாளைக்குத் துறைக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் கேக்கப்போறேன். என் எழுத்தை என்னோடதுன்னு சொல்லத் துப்பில்லேன்னா நான் என்ன விமர்சகி?"

கதவு தட்டப்பட்டது. இந்த முறை அவள் வீட்டுக் கதவுதான்.

போன் கையிலிருந்து நழுவி நாற்காலியில் விழுந்தது. கதவைத் திறந்தாள். இரண்டு பேர். சாதாரண உடை, பளபளவென்று துடைத்த கருப்பு பூட்ஸ்.

"நாங்க யாருன்னு சொல்லணுமாம்மா?"

"வேண்டாம் சார்."

"பயப்படாதீங்க. உங்க கட்டுரை விஷயமாத்தான்."

குழந்தை அந்த ஆளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

"பேப்பர்ல அந்தம்மா எழுதினதைப் படிச்சோம். எழுதினது ஒருத்தர், பேர் போட்டது ஒருத்தர்னா, எங்களுக்கு வேண்டியது எழுதினவங்கதான். காப்பி அடிச்சதுக்கெல்லாம் எங்க சட்டத்துல தண்டனை கிடையாது." அவரே சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

'பொய் சார், அது என் எழுத்து.' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை நாள் பட்ட அவமானம் அதைப் பிடித்துத் தள்ளியது.

"சாயங்காலம் அவங்க தானாவே எங்க ஆபீசுக்கு வந்துட்டாங்க. நாங்க கூப்பிடவே இல்ல. 'அந்தப் பொண்ணுக்குச் சொந்தமா யோசிக்கத் தெரியாது, அவளை விசாரிச்சு நேரத்தை வீணாக்காதீங்க'ன்னாங்க. ஆளு கெட்டி. மாத்துத்துணி, சர்க்கரை மாத்திரை எல்லாம் பையில எடுத்துட்டே வந்திருக்காங்க. கீழே வண்டியில உட்கார்ந்திருக்காங்க."

'வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ, பிள்ளை அழும்' என்று மேடம் நடைவழியில் சொன்னது அவள் காதில் மறுபடி கேட்டது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க கிளம்பிடுவோம். நீங்க எழுதினதா? அவங்க எழுதினதா?"

குழந்தை கொட்டாவி விட்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அவங்க எழுதினதுதான் சார். நான்… பார்த்து எழுதினேன்."

"படிச்சவங்கதானே நீங்க? வெக்கமா இல்ல?"

"இருக்கு சார்."

அவர்கள் படியிறங்கினார்கள். கீழே வண்டி கிளம்புகிற சத்தம் காதில் விழுவதற்குள், அவள் கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.